கேட் மூடியிருந்த நேரம்

இந்த வருஷம் நான் படித்தவை மொத்தம் முப்பத்தேழு.
பெரிய புத்தகம் இரண்டு,
அதிலொன்று பாதியில் நிற்கிறது.
மீதியெல்லாம் படப் புத்தகம்,
எல்லாம் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில்.

காலை எட்டே கால்.
பெட்டி பெட்டியாய் வரும் கூட்ஸ் வண்டி
நடுவில் நின்றுகொள்ளும், யாரையும் கேட்காமல்.
பைக்கை அணைப்பேன்.
டேங்க் கவரிலிருந்து எடுத்து நீட்டுவாள் எப்சிபா:
"நேத்து விட்ட எடத்துலேர்ந்து."
ஹெல்மெட்டைக் கழற்றினால்தான் குரல் கேட்கும்.
கழற்றுவேன்.

முதலில் கூச்சம்தான்.
ஹார்பரில் கண்டெய்னர் எண்ணுகிறவன்
நடுரோட்டில் தவளையாய்க் கத்துவதென்றால்?
மார்ச் வாக்கில் அது போய்விட்டது.
பக்கத்து வண்டிகளும் எஞ்சினை அணைக்கத் தொடங்கின.
தண்ணி கேன் போடும் சுபானி
மூன்று சக்கர வண்டியை எங்களை ஒட்டியே நிறுத்துவான்.
ஷேர் ஆட்டோவில் மீன்கூடையோடு தேசம்மாள்:
"படத்தக் காட்டிட்டுத் திருப்பு சார், இன்னா அவசரம்."

நேற்று அரையாண்டுப் பரீட்சை கடைசி நாள்.
கேட் விழுந்ததும் எப்சிபா
பின்சீட்டில் எழுந்து நின்றாள்.
"இந்த வருசத்துல எது பெஸ்ட்டு? எல்லாரும் சொல்லணும்."

தேசம்மாளுக்குச் சந்தேகமே இல்லை.
கடலில் விழுந்த குடையை
நண்டு வீடாக்கிக்கொள்ளும் கதை.
"ஆனா படம் போட்டவன் நண்டப் பாத்ததே இல்ல.
காலு ஆறுதான் வச்சிருக்கான்.
மிச்சம் நாலு, நான் மனசுல போட்டுக்கினேன்."

ஸ்டான்லியில் லேப் வேலை பார்க்கிறவர்,
இன்றுவரை பேர் தெரியாது,
மழையில் பஸ் டிப்போ தூங்கும் புத்தகம் என்றார்.
அதிலும் பஸ்கள் கண்மூடியிருக்கும் அந்த ஒரு பக்கம்.
நைட் டூட்டி முடித்து வருகிறவருக்கு
வேறென்ன பிடிக்கும்.

சுபானி ரொம்ப நேரம் வாயே திறக்கவில்லை.
பிறகு, "எழுத்தே இல்லாதது."
ஒரு பையன், ஒரு ஏணி,
பக்கத்துக்குப் பக்கம் உயர்ந்துகொண்டே போகும் சுவர்.
ஜூலையில் ஒரு ராத்திரிக்கென்று இரவல் போனது.
"அத மட்டும் நானே தங்கச்சிக்குப் படிச்சுக் காட்டுனேன் சார்.
ஒவ்வொரு தபாவும் வேற கதை வந்துச்சு."

தண்ணீர் பட்டு உப்பித் திரும்பிவந்தது அது.
லைப்ரரியில் அபராதம் பதினைந்து ரூபாய்.
கட்டியதை அவனிடம் சொல்லியும் காட்டியிருந்தேன்.
ஹேண்டில்பாரில் இல்லாத அழுக்கைத்
துடைக்க ஆரம்பித்தேன்.

எப்சிபாவுக்கு
செருப்பைத் தேடிப்போகும் யானைதான்.
யாரோ கடைசித் தாளைக் கிழித்திருந்தார்கள்.
கிடைத்ததா இல்லையா என்று
ஒரு வாரம் கேட்டில் சண்டை நடந்த கதை.
"அதான் புடிக்கும். இன்னும் முடியவேயில்ல."
பிறகு என் தோளை உலுக்கினாள்.
"உனக்கு எதுப்பா?"

ஒன்று யோசித்துத்தான் வைத்திருந்தேன்.
மையெல்லாம் நீலமாய், கலங்கரை விளக்கம் வரும் ஒன்று.
சொல்வதற்குள் கடைசிப் பெட்டியும் போய்
இரண்டு பக்கமும் ஹாரன்,
கேட்டைத் தூக்கிவிட்டார்கள்.

இருபது கேனோடு தண்டவாள மேட்டில்
திணறிக்கொண்டிருந்தான் சுபானி.
பைக்கிலிருந்தபடி ஒரு காலை நீட்டி
அவன் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே
"எழுத்தில்லாதது!" என்று கத்தினேன்.
அந்த இரைச்சலில் அவனுக்குக் கேட்டதோ என்னவோ.
முதுகில் ஒரு குத்து விழுந்தது.
"காப்பி அடிக்கிற."