இரண்டாம் சீட்டு

லிமா அருங்காட்சியகத்தின் இழுப்பறையில்
பதினெட்டுக் குருவிகள் மல்லாந்து கிடக்கின்றன,
கண்ணிருந்த இடத்தில் பஞ்சு.
எல்லாக் காலிலும் சீட்டு,
எல்லாச் சீட்டிலும் ஒரே பெயர்.

சொராய்தா குல்க்கி
விரலின் அடித்தோலில் எள்ளளவு சீவுகிறாள்.
மூச்சை அடக்கிக்கொள்கிறாள்.
விட்டால் பறந்துவிடும்,
பறவையில் இன்னும் பறக்கக்கூடியது
அந்தத் துணுக்கு மட்டும்தான்.

நிறத்தில் ஒன்று. அலகை அளந்தால் ஒன்று.
ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்றே
தொண்ணூறு வருடம் புத்தகம் சொன்னது.
நான்கே எழுத்தில் எழுதிய நீள வரியை
இயந்திரம் வாசித்து முடித்தபோது
மராஞோன் ஆற்றுக்கு இக்கரை ஒரு கிளை,
அக்கரை ஒரு கிளை.
இருபது லட்சம் வருடமாகப்
பேச்சுவார்த்தை இல்லை.

ஏழாம் எண் மட்டும் முரண்டு பிடித்தது.
கொஞ்சம் இது, கொஞ்சம் அது.
எந்த வறட்சியிலோ எவனோ ஒரு பாட்டன்
ஆற்றைத் தாண்டியிருக்கிறான்.
அவனை அடிக்குறிப்பில் வைத்தாள்.

ஜூனில் மலையேறினாள்.
அக்கரைக் குரலை ஒலிபெருக்கியில் விட்டாள்.
இக்கரைக் குருவி தலையைச் சாய்த்தது,
புழுவைத் தேடப் போய்விட்டது.
சொந்தக் குரலை விட்டதும்
புதர் முழுக்கச் சண்டை.

குழுவில் ஒன்பது பேர். ஆறு பேர் ஆம்.
மறுத்தவர்களில் ஒருவர் எழுதினார்:
எத்தனை சதவீதம் விலகினால் அந்நியன்?
அவளிடம் எண் இல்லை.
அண்ணன் அவளோடு பேசிப் பதினொரு வருடம்,
அதை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது.

மறுநாள் விடிந்தபோது
நாற்பதாயிரத்தில் நானூறு தனியாய் நின்றது.
ஒரு முட்டைகூட உடையவில்லை,
ஆனால் அக்கரைக் குருவி
அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது.
வண்டியோட்டி வில்மெரின் மாமனார்,
காப்பிக்குச் சரிவைத் திருத்திக்கொண்டிருந்தவர்,
அரிவாளைத் தோளில் வைத்துக் கேட்டார்:
"நேத்து வரைக்கும் இது
மலிஞ்சு கிடந்த குருவிதானே?"

பழைய சீட்டை அவிழ்ப்பது வழக்கமில்லை.
அதே காலில், விரல் குறைந்த காலில்,
இன்னொரு முடிச்சு.
பதினேழு பறவைகளுக்குக்
கறுப்பு மையில் புதுப்பெயர்.

ஏழாம் எண்ணுக்கு வந்ததும்
பேனாவை மூடினாள்.
பென்சிலைத் தேடினாள்.