பதிவேட்டில் ஒன்று

ஆல்புகர்க்கி. விலங்குக் கட்டுப்பாட்டு அலுவலகம்,
இரவு வேலை, இரண்டாம் எண் தொலைபேசி.
பதினொரு மணிக்கு லொரிண்டா பாக்கா அழைக்கிறாள்:
"வேலிக்கு வெளியே நிற்கிறது. என்னையே பார்க்கிறது."
எவ்வளவு நேரமாக?
"நான் அதைப் பார்க்கத் தொடங்கியதிலிருந்து."

கயோட்டி.
நரி என்றால் கொஞ்சம் கூடுதல்,
ஓநாய் என்றால் நிறையக் குறைச்சல்.
பதிமூன்று கிலோ இருக்கும்.
ஜன்னலில் இருந்து பார்த்தால் நாற்பது.

கையைத் தூக்குங்கள் என்கிறேன். சட்டியைத் தட்டுங்கள்.
முதுகைக் காட்டி ஓடாதீர்கள்.
தட்டுகிறாள். காதைப் பொத்திக்கொள்கிறேன்.
பிறகு ஒரு சிரிப்பு:
"அது போய்விட்டது. என் புருஷன் எழுந்துவிட்டார்."

பத்தொன்பது வருடப் பதிவேடு, முழுக்க என் கையெழுத்து.
நாய் கடித்தது: எண்ணுவதை விட்டுவிட்டேன்.
லாப்ரடார், சிவாவா,
போன வாரம் பாதிரியாரின் பல் போன பூடில்,
மிச்சமிருந்த இரண்டு பல்லால்.
குதிரை கடித்திருக்கிறது.
ஒரு சண்டைச் சேவல் தபால்காரரின் முழங்காலைப் பதம் பார்த்தது.
கயோட்டி கடித்தது: ஒன்று.

டாடியஸ் வோய்சிக், ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக்.
வறண்ட ஓடைக்கரையில் கடைசி வீடு.
மனைவி இறந்த அக்டோபரிலும்
இரண்டு தட்டு எடுத்துப் பழகிய கை
இரண்டு தட்டே எடுத்தது.
இரண்டாவதைப் பின்படியில் வைத்தார்.
வேகவைத்த கோழி, எலும்பு நீக்கி.
காது கிழிந்த பெண் கயோட்டி ஒன்று
ஜனவரியில் வேலி வரை வந்தது.
மார்ச்சில் படியேறியது.
ஏப்ரலில் கையிலிருந்து வாங்கித் தின்றது.
மே மாதம், மூன்று வீடு தள்ளி,
சாண்ட்விச் வைத்திருந்த சிறுமி ஒருத்தி
கையை இழுத்துக்கொண்டாள்.

நாலு தையல். ரேபிஸ் ஊசி.
ஓடெட் என்று பெயர். ஆறு வயது.
"அதுக்குப் பசியா, கோபமா?" என்று கேட்டாள்.
என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

பொறி வைத்தது நான். சுட்டது வேறொருவர்.
சொல்லப் போனபோது வோய்சிக்
கதவைப் பாதி திறந்து,
"எந்தக் காது?" என்றார்.
இடது.
படியில் கிடந்த தட்டை எடுத்துக்கொண்டு
உள்ளே போய்விட்டார்.
குழாய் வெகுநேரம் ஓடியது.

ஆபத்தே இல்லை என்று நான் யாரிடமும் சொல்வதில்லை.
திருமதி ஓட்டசனின் பூனைக்குக் கட்டியிருந்த மணியை
ஓடை மணலில் கண்டெடுத்து
உறையில் போட்டுக் கொடுத்தவன் நான்.
உறை வழியெல்லாம் கிணுகிணுத்தது.
குட்டி ஈன்ற காலத்தில், நாயோடு நடப்பவர் பின்னால்
சத்தமில்லாமல் கூடவே வரும்.
துரத்தவில்லை.
எல்லை வரை கொண்டுவிட்டுத் திரும்புகிறது,
விருந்தாளி போய்ச் சேர்ந்தாரா என்று பார்க்கும்
வீட்டுக்காரி மாதிரி.

இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன,
மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி.
புதருக்குள் படுத்துக்கொண்டு
நம்மைப் பற்றி அதுவும்
இதையேதான் நினைக்கும்.

என் வீட்டில் குப்பைத்தொட்டி மூடிமேல் செங்கல்.
பறவைக்குத் தானியம் வைப்பதில்லை.
பூனை உள்ளே; கோபத்தில் சோபாவைக் கிழிக்கிறது.
இவ்வளவுதான் எங்கள் உடன்படிக்கை.
ஒருபக்கக் கையெழுத்து.

மூன்றரை மணி. மறுபடியும் அழைப்பு, புதுக் குரல்,
மேற்குக் கரையில் புதிதாகக் கட்டிய வீடுகளில் ஒன்று.
"ஊளையிடுகின்றன. இருபது இருக்கும். முப்பதுகூட."
இரண்டு, அம்மா. மிஞ்சினால் மூன்று.
இரண்டு கூடினால் இருபது போலத்தான் கேட்கும்.
"ஏன் இப்போது?"
நெடுஞ்சாலையில் ஆம்புலன்ஸ் போகிறது, கேட்கிறதா?
அதற்குப் பதில் சொல்கின்றன.
"அவ்வளவுதானா" என்று
நிம்மதியாக வைத்துவிட்டாள்.

ஆம்புலன்ஸ் எதற்காகப் போகிறது என்று
அவள் கேட்கவில்லை.