எடைமேடை, இரவு இரண்டு மணி

அரிசியைக் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர்.
காரைக்குடியில், மருந்துக்கடைக்கு மேல் மாடியில் அவர்.
என்ன வேலை பார்க்கிறீங்க என்றார்.
புதுவயல் ரைஸ் மில், எடைமேடை என்றேன்.
சிரித்துவிட்டார்.
சிரித்ததற்கு வருந்தியவர் போல
சீட்டில் இன்னொரு மாத்திரை எழுதினார்.

நேற்று ராத்திரி பதினோரு லாரி.
அத்தனை அரிசியும் என் கையெழுத்தோடு போனது.
என் டப்பாவில் ஆறிப்போன கோதுமை உப்புமா.

வண்டி எண், மொத்த எடை, வெற்று எடை, நிகர எடை
ஜன்னல் வழியே உரக்கச் சொல்வதுதான் என் வேலை.
வெறும் வயிற்றில் இருநூற்று எழுபத்தெட்டு.
அதை மட்டும் இதுவரை
யாரிடமும் சொல்லவில்லை.

பாய்லர் கரி எங்கள் தெருவில்தான் இறங்கும்.
கொடியில் காயும் பள்ளிச் சட்டை
சாயங்காலம் வேறு பள்ளியின் சட்டை.
மங்கையர்க்கரசி, என் மனைவி,
நூறு நாள் வேலைக்கு மூன்று மாதமாகக் கூலி வராதவள்,
திங்கட்கிழமை பஸ் ஏறி
சிவகங்கையில் கலெக்டரிடம் மனு கொடுத்து வந்தாள்.
தெருவில் நாற்பத்தோரு பெண்கள்.
மூன்றாவது பெயர் அவளுடையது.

அதற்கு முந்தைய வாரம்தான்
வேட்பாளர் மில் வாசலுக்கு வந்தார்.
முதலாளி பக்கத்தில் நிற்க
கரிப் பிரச்சினைக்கு நிரந்தரத் தீர்வு என்றார்.
நான் கை தட்டினேன்.
ஏன் தட்டினேன் என்று இன்று வரை தெரியவில்லை.
எல்லாரும் தட்டினார்கள் என்பது பதில் இல்லை,
நான்தான் முதலில் தட்டினேன்.

புதன்கிழமை மேனேஜர் கூப்பிட்டார்.
உங்க வீட்டுலேருந்தும் கையெழுத்து போயிருக்காமே.
ஃபேன் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.
அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் சார் என்றேன்.
அதற்கு மேல் தைரியம் வரவில்லை.
அவ்வளவு வந்ததே
வெளியே வந்து தண்ணீர் குடித்தபோதுதான் உறைத்தது.
வீட்டில் சொன்னபோது அவள் ஒன்றும் சொல்லாமல்
கரி படிந்த சட்டையை மறுபடி அலசினாள்.

குடும்பக் குழுவில் சித்தப்பா மகன் வயிரவன்
ஆறு நிமிடத்துக்குக் குரல் பதிவு போடுகிறான்:
வடக்கன் வந்து நம்ம வேலையைப் பறிக்கிறான்,
நாம விழிக்கணும்.
வயிரவன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான்.
பதில் தட்டினேன், அழித்தேன், தட்டினேன், அழித்தேன்,
கடைசியில் கும்பிடும் கைகளைப் போட்டேன்.
அதற்கு எட்டுப் பேர் இதயம் போட்டார்கள்.

லக்கிந்தர் ஒடிசாக்காரன்.
உமிக் கிடங்கில் வேலை.
அவன் இருமுவதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.
மில்லில் பி.எஃப். பிடிக்கிறார்களா என்று
ஒரு தடவை என்னிடம் கேட்டான்.
எனக்கே பிடிப்பதில்லை என்பதை
எனக்குத் தெரிந்த இந்தியில்
விரலை ஆட்டிச் சொன்னேன்.
ரொம்ப நேரம் சிரித்தான், பிறகு இருமினான்.

தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.
லாரி வராத ராத்திரிகளில்
எடைமேடை மேல் நடக்கிறேன்,
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு.
பத்துக் கிலோவுக்குக் கீழே எதுவும்
இந்த இரும்புக்குத் தெரியாது.
பொங்கல் வரை எழுபது காட்டியது.
இப்போது அறுபது.
நடுவில் ஒவ்வொரு கிலோவாக நான் இறங்கியது
திரையில் எங்கும் இல்லை.

இன்று லக்கிந்தரும் ஏறி நின்றான்,
பீடியை அணைத்துவிட்டு.
நூற்றுப் பத்து என்றது சிவப்பு எழுத்து.
தனியாக நின்று பார்க்கச் சொன்னேன்.
வேண்டாம் என்று தலையாட்டினான்.
சரி, யார் எவ்வளவு என்று பார்க்க வேண்டாம்.

தேவகோட்டைப் பக்கமிருந்து ஹாரன்.
இறங்கிவிட்டோம்.
மேடை காலியாக இருந்தால்தான்
கணக்குச் சரியாக வரும்.
சட்டைப் பையில் மாத்திரைச் சீட்டு,
அதன் பின்பக்கம்
வண்டி எண்ணைக் குறித்துக்கொள்கிறேன்.