புள்ளியில் தொடங்கும் பெயர்

ஹூசவிக் துறைமுகத்துக்கு மேலே
சரிவில் நிற்கும் பதினொரு பனிக்கோல்களும்
செவ்வாய் இரவிலிருந்து வாய் திறக்கவில்லை.
எங்கே எவ்வளவு பனி, தகவல் இல்லை.
யாராவது விழித்திருப்பார்கள் என்று
கீழே ஊர் தூங்குகிறது.

ஸ்வாண்டிஸ் உள்ளே நுழைந்து பார்த்தாள்.
கடவுச்சொல் சரி. டிஸ்கில் இடம் உண்டு.
சர்வர் நல்ல பிள்ளையாய்
கர்சரைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.
ஆள் வந்தால் திறக்கிற கதவு
ஃபைல் வந்தால் ஏன் சாத்திக்கொள்கிறது?

மலைப்பெட்டியின் பதிவேட்டில் ஒரே வரி,
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, மூன்று நாளாக:
வந்த செய்தி மிக நீளம், 1299541604.

நூற்றிருபத்தொன்பது கோடியே
தொண்ணூற்றைந்து லட்சத்து
நாற்பத்தோராயிரத்து அறுநூற்று நான்கு.
உரக்கச் சொல்லிப் பார்த்தாள்.
பனி எத்தனை சென்டிமீட்டர் என்று சொல்ல
இவ்வளவு நீளம் எதற்கு?

இரண்டாம் காப்பியில் சந்தேகம் வந்தது.
இது எண்தானா?
பதினாறு பதினாறாக உடைத்தாள்.
நான்கு ஜோடி விழுந்தது.
ஜோடிக்கு ஓர் எழுத்தாக அடுக்கினால்
முந்த்.
கடைசி மெய்க்கு உயிர் வந்து சேரவில்லை.
சேர்ந்தால் முந்து. அவள் மொழியில்
'மறந்துடாதே.'

எதை?

எத்தனை எழுத்து பேசப்போகிறோம் என்று
முதலில் சொல்லிவிட்டுத்தான்
இயந்திரங்கள் ஒன்றோடொன்று பேசும்.
யாரோ நடுவில் புகுந்து
மறந்துடாதே என்று ஆரம்பிக்க,
அந்த நான்கு எழுத்தை நீளமென்று எடுத்துக்கொண்டு
மலைப்பெட்டி மிரண்டு திரும்பியிருக்கிறது,
நானூற்றுச் சொச்சம் தடவை.

மெய்யெழுத்தின் தலையில் புள்ளி வைத்தால்
உயிர் விலகி நிற்கும்.
ஃபைல் பெயரின் தலையில் புள்ளி வைத்தால்
அது பட்டியலை விட்டு விலகி நிற்கும்.
மறைந்திருப்பவை எல்லாம் வெளியே வா என்றாள்.
ஏழு வந்தன.
புரொஃபைல் சுத்தம். முன்வாசல் அது,
மனிதர்கள் நுழையும்போது வாசிக்கப்படுவது.
பாஷ்ஆர்சியில், பழைய சுருக்கப்பெயர்களுக்கு அடியில்,
செவ்வாய் மாலை சேர்த்த ஒரு எக்கோ:

'மறந்துடாதே ஸ்வாண்டிஸ்,
ஃபிரிட்ஜில் ஹெர்ரிங் ஜாடிக்குப் பின்னால்
ரூபார்ப் கேக் இருக்கு. இங்வார்.'

அவன் இந்நேரம் தெனரீஃப்பில் வெயில் காய்கிறான்.
எழுதியதும் புது டெர்மினல் திறந்து பார்த்திருப்பான்,
வரி தெரிந்திருக்கும், சிரித்துக்கொண்டே
விமானத்துக்குப் போயிருப்பான்.
தூரத்திலிருந்து லாகின் செய்கிறவள்
வேறு வாசலில் வருவாள் என்று தோன்றவில்லை.
பின்வாசலில் வந்துபோனவை ஃபைல்கள்.
அவற்றிடம்தான் மூன்று நாளும்
கேக் இருக்கிறது, கேக் இருக்கிறது
என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது சர்வர்.

வரியை அழிக்க விரல் போனது. அழிக்கவில்லை.
மேலே ஒரு நிபந்தனை எழுதினாள்:
எதிரே ஆள் இருந்தால் மட்டும் பேசு,
இல்லையென்றால் வாயை மூடு.
பிறகு முன்வாசலிலிருந்து
இந்த ஃபைலுக்கு ஒரு வழி வெட்டினாள்.

நாலு பத்துக்கு முதல் கோல் பேசியது.
நூற்றுப் பதினெட்டு சென்டிமீட்டர்.
அப்புறம் மற்றவை, முண்டியடித்துக்கொண்டு.
ஏழாவது கோல் காட்டிய எண் அவளுக்குப் பிடிக்கவில்லை;
காலையில் போன் செய்ய வேண்டியவர்களின் பெயரைக்
கையில் எழுதிக்கொண்டாள்.

கேக்கின் ஓரம் காய்ந்திருந்தது.
நடுவில் ஜாம் இன்னும் ஈரம்.
நின்றபடியே தின்றாள்.
தின்றுவிட்டு அதே ஃபைலில்
அவன் வரிக்குக் கீழே ஒரு வரி சேர்த்தாள்:

'நன்றாக இருந்தது.
அடுத்த தடவை காகிதத்தில் எழுது.'