நாலாவது பக்கம்

முந்நூறுக்கு இருநூற்று இருபது மில்லி,
இருபத்து நாலு கேஜ் தகடு,
ஆளுக்கு ஒன்று. இரண்டாவது கிடையாது.
கேட்டால் ஸ்டோரில் கையெழுத்தாகி வர
அடுத்த மாதம் ஆகும்.

கரும்பலகையில் ஒரு தட்டை விரித்துப் போட்டேன்.
நிமிர்ந்து நிற்க வேண்டிய நாலு பக்கமும்
மல்லாந்து படுத்திருந்தன.
விடாமல் போகும் கோடு வெட்டுவதற்கு.
விட்டுவிட்டுப் போகும் கோடு மடிப்பதற்கு.
ஓரத்தில் ஆறு மில்லி, அது விரலுக்காக:
மடித்து அமுக்காத தகடு
யார் கை என்று பார்ப்பதில்லை.
என் கட்டைவிரலைக் காட்டினேன். ஐந்து தையல்.

சத்தியவேடு பஸ் ஒன்பதே காலுக்கு வந்தால்
ஊத்துக்கோட்டை ஐ.டி.ஐ.யில் என் வகுப்புக்கு இருபது பேர்.
வராவிட்டால் பதினொன்று.
நான் மன்னார்குடி. வந்து ஏழு மாதம்.
தெலுங்கில் எண்கள் தெரியும்,
சாப்பிட்டாயா தெரியும்,
கத்தெர தெரியும், அது கத்தரியேதான்.
மீதியை மரச்சுத்தி பேசிக்கொள்ளும்.

அன்று பஸ் வந்துவிட்டது.
இருபது மரச்சுத்தி, ஒரே ஆஸ்பெஸ்டாஸ் கூரை.
மூன்றாவது மேசையில் ஹேமாத்ரி
மடிக்கிற கோட்டின் மேல்
கத்தரியை வாய்பிளந்து வைத்திருந்தான்.

"வெட்டாதே" என்று கத்தினேன்.

வேண்டாம் என்பதை நாம் எப்போதும்
சொல்லின் வாலில் கட்டுகிறோம்.
வால்மேல் யாரோ ஓங்கி அடித்தார்கள்.
மிச்சம் கேட்டதற்குத் தலையாட்டிவிட்டு
வெட்டினான்.
அவ்வளவு நேராக அந்த வகுப்பில்
அதுவரை யாரும் வெட்டியதில்லை.

நாலாவது பக்கம் தரையில் விழுந்து
சிலிர்த்து அடங்கியது.
எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.
நான் ஸ்டோர் ரிஜிஸ்டரைப் பார்த்தேன்.

முனிரத்தினம் எங்கள் எல்லோருக்கும் மூத்த மாணவி,
என்னைவிடப் பன்னிரண்டு வயது,
நூல் மில் மூடியபின் சேர்ந்தவள்.
எட்டிப் பார்த்து "சேட்ட" என்றாள்.
திட்டாதீங்க, சேட்டை இல்ல, என் தப்பு என்றேன்.
அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.
மிச்சமிருந்த மூன்று பக்கத்தையும்
கையாலேயே கொஞ்சம் தூக்கிவிட்டு
இல்லாத அரிசியை
இரண்டு தரம் புடைத்துக் காட்டினாள்.

முறம்.

தளத்திலிருந்து ஆறு மில்லி கடன் வாங்கி
ஹேமாத்ரி முன்னோரத்தை மடித்தான்.
பின் மூலைகளுக்கு ஈயம்.
முதல் சொட்டு முத்தாக உருண்டு ஓடிவிட்டது,
பற்றாசு தடவ மறந்திருந்தான்.
தேய்த்தான், தடவினான், திரும்பச் சூடாக்கினான்.
விழுந்த பட்டையைக் கம்பியில் சுற்றிக் குழலாக்கி,
ஒரு முனையை நசுக்கி,
முதுகில் வைத்து இரண்டு ரிவெட் அடித்தான்.
ஒன்று கோணல்.

மதிப்பெண் தாளில் நீளம், அகலம், உயரம்,
நாலு மூலைப் பொருத்தம் உண்டு.
பிடிக்குக் கட்டம் இல்லை.
நாலாவது பக்கத்துக்கு நேரே பூஜ்யம் போட்டுவிட்டு
பேனாவை மூடாமல் இருந்தேன்.

நாலரை மணிக்குத் தரையெல்லாம்
ஆளுக்கு நாலாக எண்பது மூலைத்துண்டு,
பிசிறு, அரத்தூள்.
பத்தொன்பது பேர்
தங்கள் தட்டில் எதை வைப்பதென்று
இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.
ஹேமாத்ரி குந்தி உட்கார்ந்து
துடைப்பத்தால் தள்ளித் தள்ளி அள்ளினான்,
எண்ணிக்கொண்டே, தெலுங்கில், எனக்குத் தெரிந்த எண்களில்.
எழுபத்தெட்டில் பஸ் ஹாரன் கேட்டது.
முறத்தை என் மேசையில் வைத்துவிட்டு ஓடினான்.
பெஞ்சுக்கடியில் இரண்டு மூலை
மின்னிக்கொண்டிருந்தன.

இன்டென்ட் தாளை எடுத்தேன்.
தகடு: ஒன்று.
காரணம் என்ற இடத்தில்
"சேட்ட" என்று எழுதினேன்.
ஸ்டோர்க்காரருக்குச் சொந்த ஊர் நாகலாபுரம்.
புரியும்.