முகவரி மாறுகிறதா

எல்லோரும் தலையைத்தான் சேர்க்கிறார்கள்.
ராணியின் தலை, மானின் தலை,
ஓரத்துப் பல்லை எண்ணி, நீர்க்குறி பார்த்து.
அதன்மேல் மை அப்பிவிட்டால்
'முகம் போச்சு' என்று ஒதுக்குவார்கள்.
ஒதுக்கியதெல்லாம் எனக்கு.

எனக்கு வேண்டியது அந்த மை.
வட்டத்துக்குள் ஊரும் தேதியும்; பக்கத்தில்
ஓர் அரசாங்கம் போகிறபோக்கில்
தன் குடிகளுக்குச் சொன்ன புத்தி:
மெதுவாக ஓட்டுங்கள்.
நெஞ்சுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.
தீக்குச்சியை அணைத்துவிட்டு எறியுங்கள்.
காதலோ கடனோ, இயந்திரத்துக்கு எல்லாம் ஒன்று.
கறுப்புக் கரை போட்ட
இரங்கல் உறை ஒன்று என்னிடம் இருக்கிறது,
டர்பன் கடற்கரைக்கு வாருங்கள்
என்று அதன்மேல் குத்தியிருக்கும்.

வாரத்தில் ஐந்து நாள் ஆடிங்டன் ஆஸ்பத்திரியில்
எலும்புப் படம் எடுக்கிறேன்.
அசையாதீங்க, மூச்சைப் பிடிங்க, இப்போ விடுங்க:
ஜூலுவில், ஆங்கிலத்தில், நாளுக்கு அறுபது தரம்.
நானும் ஒருவகையில் முத்திரை இயந்திரம்தான்.

மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை
அம்பிலோ சாலை தேவாலய மண்டபத்தில்
ஃபூரியின் மேசை. ரஸ்க் டப்பாக்களில் உறைகள்.
"மிஸஸ் படையாச்சி, உங்களுக்கென்று
ஒன்று ஒளித்து வைத்தேன்."

நீள உறை. மாநகராட்சி அனுப்பியது.
இரண்டரை சென்ட் தலையில்
வெள்ளை முகப்பு வைத்த ஒரு மாளிகை.
தட்டச்சில், சடையன் என்ற பெயரை
சடயென் என்று ஆக்கி, கீழே கேட்டோ மேனர்.
அறுபத்து நாலு, ஜூலை.
ஒரு சொட்டும் கசியாத வாசகம்:
முகவரி மாறுகிறதா?
முன்கூட்டியே தெரிவியுங்கள்.

கடிதம் இல்லை.
எங்கள் பொழுதுபோக்கில்
உள்ளே ஒன்றும் இருப்பதில்லை.

"ஆஃப்ரிகான்ஸில் நாலு வைத்திருக்கிறேன்.
ஆங்கிலத்தில் இது ஒன்றுதான் பார்த்தேன்.
நூற்றெண்பது ராண்ட்.
பின்னால் கிறுக்கியிருக்கிறது, அதனால் நூற்றிருபது.
என்ன பாஷை அது? உங்களுடையதா?"

திருப்பினேன்.
பென்சில். அழுத்தி எழுதுகிற கை.
சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு
ஆறு வருஷம் போனவள், இன்னும்
எழுத்துக்கூட்டித்தான் வரும்.
வெள். ளி. லா. ரி.
வெள்ளி லாரி.
கதவு ரெண்டும் கழட்டணும்.
தகரம் பதினாலு.
கருவேப்பிலை?

கேள்விக்குறியை மட்டும்
இரண்டு தரம் போட்டிருந்தது, ஒன்றின்மேல் ஒன்று.

"மளிகைக் கணக்கு," என்றேன்.
ஏன் பொய் சொன்னேனோ.
விலை குறையட்டும் என்றா? அதுவும் இருக்கலாம்.
ஃபூரி நல்ல மனுஷர். இடுப்பெலும்பு முறிந்தபோது
அவர் மனைவியைப் படமெடுத்தது நான்தான்;
அதற்குப் பிறகு எனக்கு எப்போதும் பத்து ராண்ட் தள்ளுபடி.

"மளிகைதானே," என்று
சட்டைப்பையிலிருந்து ரப்பரை எடுத்தார்.
வெள்ளை, மெத்தென்றது, காகிதத்துக்கு வலிக்காதது.
"துடைத்தே தருகிறேன், சுத்தமாகிவிடும்."
வெள்ளியின் கொம்பைத் தொடுவதற்குள்
அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.
பக்கத்து மேசையில் பூதக்கண்ணாடிகள் நிமிர்ந்தன.
அசையாதீங்க, என்றேன்.
தமிழில் வந்தது.

நூற்றெண்பதே கொடுத்தேன்.

செப்டம்பரில் சங்கத்தின் கண்காட்சி.
பதினாறு தாள் வைத்தேன். நடுவரின் சீட்டு:
சாலைப் பாதுகாப்பு வரிசை நிறைவு.
பதினொன்றாம் தாளில்
உறை பின்புறம் தெரிய ஒட்டப்பட்டுள்ளது,
முத்திரையைக் காண முடியவில்லை. கவனக்குறைவு.
மூன்று மதிப்பெண் குறைக்கப்படுகிறது.

சீட்டை நாலாக மடித்து
அந்த உறைக்குள்ளேயே போட்டுவைத்தேன்.