கணக்கு உதைக்கிறது

ருஸ்தாவியில் பனி விழ இன்னும் பத்து நாள் என்கிறது வானொலி.
விழுந்துவிட்டால் வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும்.
எங்களுக்கு அதுதான் அறுவடை.

போத்தித் துறைமுகத்தில் இறங்கி,
அமெரிக்காவில் எவரோ நொறுக்கிய முகத்தோடு
இழுவை லாரியில் வந்து சேரும் கார்களுக்கு
ஒடுக்கெடுத்து, பட்டி பூசி, தேய்த்து,
ஒன்றுமே நடக்கவில்லை என்று
சொல்ல வைக்கும் பட்டறை இது.
நான் எதையும் தேய்ப்பதில்லை.
லமாரா. சாமான் அறை என் பொறுப்பு.

போன வெள்ளிக்கிழமை ஹார்டனர் தீர்ந்தது.
கிளியர் கோட்டுக்குக் காத்து
நான்கு கதவுகள் கொக்கியில் தொங்க,
வண்டிக்காரர் தொலைபேசியில் கத்த,
பெயின்டர் முர்மான் முகமூடியைக் கழற்றி
என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான்.
திட்டியிருக்கலாம்.

நோட்டைப் புரட்டினேன்.
ஆறு டப்பா இருப்பு என்றது நோட்டு.
இல்லை என்றது அலமாரி.
நோட்டில் இருப்பது என் கையெழுத்து,
அலமாரிச் சீட்டில் இருப்பதும்.

ஞாயிறன்று சாவிக்கொத்தோடு தனியாக வந்தேன்.
கம்ப்ரசர் ஓடாத பட்டறையில்
என் செருப்புச் சத்தமே எனக்கு யாரோ போலிருந்தது.
இழுப்பறை இழுப்பறையாகத் திறந்தேன்.

கோச்சாவிடம் ஒட்டு டேப், பதினேழு சுருள்.
நாளுக்கு இரண்டுகூடக் கிழிக்காதவன்.
ஜெமாலிடம் எண்பதாம் நம்பர் உப்புத்தாள் ஒரு முழுக் கட்டு,
ஈரம் குடித்து அப்பளமாய்ச் சுருண்டு.
காப்பி டப்பா நிறையக் கதவுக் கிளிப்புகள்;
எந்த வண்டிக்கு என்று
அவற்றைச் செய்தவனுக்கும் நினைவிருக்காது.

முர்மானின் பூட்டில் சாவி போட
கை கூசியது. போட்டேன்.
பழைய சட்டையில் சுற்றி
ஹார்டனர், நான்கு.
ஆட்டிப் பார்த்தேன். சத்தமில்லை.
கோடையிலேயே தேதி முடிந்து
உள்ளே கல்லாகிவிட்டிருந்தன நான்கும்.
வெள்ளிக்கிழமை அவன் ஏன் பேசவில்லை என்று
அப்போதுதான் புரிந்தது.
என்னிடம் வருமுன்பே அவன்
இவற்றை ஆட்டிப் பார்த்திருக்கிறான்.

திருடர்கள் இல்லை. வீட்டுக்கு ஒரு சாண் டேப்கூடப் போகவில்லை.
என்றோ ஒருநாள் ஏதோ தீர்ந்திருக்கிறது.
அடுத்த முறை நமக்காவது இருக்கட்டும் என்று
ஒருவன் ஒன்றை எடுத்து வைக்க,
அதனாலேயே அடுத்தவனுக்குத் தீர,
அவனும் எடுத்து வைக்க,
நான் மாதாமாதம் மேலும் வாங்கி
அந்த இழுப்பறைகளுக்குத் தீனி போட்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை
நீண்ட பலகையில் எல்லாவற்றையும்
சீர்வரிசைபோல் பரப்பி வைத்தேன்.
எது யாருடையது என்று எழுதவில்லை.
கோச்சா இருமினான்.
ஜெமால் அப்பளத் தாள்களை ஒவ்வொன்றாகத் தடவி நிமிர்த்தினான்,
நிமிராது என்று தெரிந்தும்.
முர்மான் கல்லான டப்பாக்களைத் தானே எடுத்துப்போய்
நச்சுக் கழிவுப் பீப்பாயில் போட்டான்.
நான்கு முறை ‘டங்’ கேட்டது.

இனி தட்டு தோறும் சிவப்பு டேப் ஒட்டிய கோடு.
இருப்பு அதற்குக் கீழே இறங்கினால் என்னைக் கூப்பிடுங்கள்.
பழையது முன்னால், புதியது பின்னால்.
இழுப்பறைகளுக்கு இனிப் பூட்டு இல்லை.
தலையாட்டினார்கள்.

ஆனாலும் கணக்கு இரண்டால் உதைத்தது.
நோட்டில் ஆறு; கிடைத்தது நான்கு.

வியாழனன்று திபிலிசியிலிருந்து எட்டுப் புது டப்பாக்கள்.
ஆறை அலமாரியில் அடுக்கினேன்.
மீதி இரண்டையும்,
பனிக்காலம் ஆயிற்றே, முர்மானுக்காகத்தான் என்று
எனக்கே சொல்லிக்கொண்டு,
என் மேஜையின் அடியறையை இழுத்தேன்.
கம்பளிக் கையுறைகள்.
அவற்றுக்கு அடியில்
இரண்டு டப்பா.

எப்போது வைத்தேன்?
ஆட்டினேன்.

நோட்டைத் திறந்து கூட்டினேன். ஆறு.
கணக்கு நேராகிவிட்டது.
புது டப்பாக்கள் இரண்டும் இன்னும் என் மடியில்.
கூடத்தில் முர்மான் யாரையோ கூப்பிட்டு ஜன்னலைக் காட்டுகிறான்.
வெளியே பனி,
வானொலி சொன்னதற்கு மூன்று நாள் முன்னதாக.